ரிங்கு: எலும்பை எடுத்துக் கரையேற்றிய பிறகும் அவள் ஏன் விடவில்லை?

அரைத்தூக்கம் (இரவு 11:52)

போன சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பழைய படம் ஏதாவது பார்க்கலாம் என்று துழாவியதில் ரிங்கு அகப்பட்டது. ஹிடேயோ நகாதா இயக்கி 1998 ஜனவரியில் வந்த ஜப்பானியப் படம். கல்லூரி விடுதியில் 2003 வாக்கில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். டிவிக்குள்ளிருந்து பேய்ப்பெண் தவழ்ந்து வெளியே வரும் இடத்தில் அன்றைக்கு ஒன்பது பேர் ஒரே கட்டிலில் ஏறி, கட்டில் கால் ஒடிந்தது. இந்த முறை அந்த இடத்தைக் கொஞ்சம் தைரியமாகவே தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இனிமேல் முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

கதை தெரிந்ததுதான். ஒரு வீடியோ கேசட். அதைப் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். ஏழாம் நாள் சாவு. அசகாவா ரெய்கோ என்ற பத்திரிகைக்காரி அதை விசாரிக்கப்போய், தானே பார்த்துவிடுகிறாள். விவாகரத்தான கணவன் ர்யூஜியும் பார்க்கிறான். ஒருநாள் இரவு அவர்களுடைய சின்னப் பையனும் பார்த்துவிடுகிறான். இருவரும் ஓடி ஓடித் தேடி, கேசட்டுக்குப் பின்னால் இருப்பது சதாகோ என்ற பெண்ணின் ஆவி, அவளை அவளுடைய அப்பனே கிணற்றில் தள்ளிக் கொன்றான் என்று கண்டுபிடிக்கிறார்கள். கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரை இறைத்து, எலும்புக்கூட்டை எடுக்கிறார்கள். ரெய்கோ அந்த மண்டையோட்டைக் குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அவளுக்கு விதித்த நேரம் கடந்துபோகிறது. அவள் சாகவில்லை. சரி, பேய் சாந்தியாகிவிட்டது.

நாம் பார்த்து வளர்ந்த பேய்க்கதை எல்லாம் இங்கே முடிந்துவிடும். ஒரு ஃபிளாஷ்பேக், ஒரு அநியாயம், ஒரு பரிகாரம், பேய் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். இந்தப் படத்தில் மறுநாளே ர்யூஜி வீட்டு டிவி தானாக ஓட ஆரம்பிக்கிறது, சதாகோ அதிலிருந்து வெளியே வர, அவன் சாகிறான்.

என் வாதம் இதுதான்: டிவியிலிருந்து அவள் வருவது அதிர்ச்சி. நாம் செய்த நல்லது எதுவும் கணக்கில் சேரவில்லை என்று தெரிவதுதான் பயம். உங்களுக்கு எப்படி?

கொட்டாவி (இரவு 12:20)

அண்ணே, என் பெயரே பதில் சொல்லிவிடும். எனக்கு 22 வயது. படம் பார்த்தேன், ஒரு மணி நேரம் யாரோ யாரிடமோ விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நடுநடுவே தேதியும் கிழமையும் திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். அந்த டிவிக் காட்சியை நான் படம் பார்ப்பதற்கு முன்பே நூறு கேலிப்படங்களில் பார்த்தாயிற்று. கல்யாண வீட்டு டிவியிலிருந்து வந்து பந்தியில் உட்காருகிற சதாகோ வரைக்கும் பார்த்துவிட்டேன். பிறகு எங்கே பயப்படுவது?

இன்னொன்று, வீடியோ கேசட்டை நான் கையில் தொட்டதே இல்லை. லேண்ட்லைன் போன் அடித்தால் ஏன் பதற வேண்டும் என்றும் புரியவில்லை. உங்கள் காலத்துப் பயம் உங்களோடு.

ஒலிவாங்கி (இரவு 12:47)

கொட்டாவி, எதில் பார்த்தீர்கள்? போனிலா? ஸ்பீக்கரிலா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒலிக்கலவை வேலை பார்ப்பவன். இந்தப் படத்தில் பாதிப் பயம் காதில் இருக்கிறது. இசை கெஞ்சி கவாய். 1995இல் வந்த கோஸ்ட் இன் தி ஷெல் அனிமேஷன் படத்துக்கு இசையமைத்தவர் இவர்தான். அங்கே கோரஸ் வைத்துப் பிரமாண்டம் காட்டியவர், இங்கே மெட்டு என்று சொல்லும்படியாக ஏறக்குறைய எதையுமே கொடுக்கவில்லை. கீழே ஒரு உறுமல், மேலே இரும்பை இரும்பில் தேய்ப்பதுபோல ஒரு கிறீச்சல். இரண்டுக்கும் நடுவில் காலியாக விட்டிருக்கிறார். மனிதக் குரல் இருக்க வேண்டிய அந்த நடு இடம் காலியாகக் கிடந்தால் காது தானாகவே எதையாவது தேடும். யாரும் கூப்பிடாமலேயே திரும்பிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

நம் ஊரில் பேய்ப்படம் ஒலிக்கலவைக்கு வந்தால் தயாரிப்பாளர் முதலில் கேட்பது, "இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் டொம்முனு அடிங்க சார்." டொம் என்று அடித்தால் ஆள் துள்ளுவான், அடுத்த நொடியே சிரிப்பான். துள்ளியதோடு பயமும் வெளியே போய்விடும். ரிங்குவில் வெளியே போக வழியே கொடுப்பதில்லை. முதல் காட்சியை மறுபடி கேட்டுப் பாருங்கள். இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் சிரித்துக்கொண்டு கதை பேசுகிறார்கள், போன் அடிக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் டிவி தானாக ஓடுகிற சத்தம். அந்தப் பெண் எதைப் பார்த்தாள் என்று காட்டுவதே இல்லை. அவள் திரும்புகிறாள், படம் நெகட்டிவ் மாதிரி வெளுத்து உறைகிறது.

ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்து, இன்னொரு தடவை பாருங்கள் தம்பி. அப்புறம் கொட்டாவி விடலாம்.

கிணற்றடி (காலை 6:15)

ராத்திரியே படித்தேன், பதில் எழுதப் பயமாக இருந்ததால் விடிந்ததும் எழுதுகிறேன். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இந்தப் படத்துக்கும் முன்னாலேயே வைத்துக்கொண்ட பெயர்.

கணவரின் வேலைக்காக இரண்டு வருடம் ஜப்பானில் கோபே நகரத்தில் இருந்தோம். அங்கிருந்து ஹிமேஜி கோட்டை ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கோட்டை வளாகத்துக்குள் ஒரு கிணறு, மேலே கம்பி வலை. ஓகிகுவின் கிணறு என்று பலகை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று எட்டிப் பார்த்து, வீல் என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். ஓகிகு ஒரு வேலைக்காரப் பெண். வீட்டில் பத்து அருமையான தட்டுகள். ஒன்றை ஒளித்து வைத்து அவள் மேல் பழி போட்டுக் கொன்று, கிணற்றில் எறிந்துவிடுகிறார்கள். ராத்திரியானால் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணுகிற குரல் கேட்கும். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணி, பத்தாவது இல்லாததால் அலறல். இதையே தோக்கியோவில் நடந்ததாகவும் சொல்வார்கள், நாடகமாகவும் போடுவார்கள். ஆக, கிணற்றிலிருந்து பெண் வருகிறாள் என்பது ஜப்பானியப் பார்வையாளருக்குப் பாட்டி சொன்ன கதை. கிணற்றை டிவிக்குள் வைத்ததுதான் புதுசு.

கேசட்டுக்குள் ஒரு பெண் கண்ணாடி முன்னால் தலை வாருகிறாளே, அதுவும் சும்மா வரவில்லை. ஓய்வா என்ற பேயின் நாடகம் 1825இல் மேடையேறியது. புருஷன் வேறு கல்யாணத்துக்கு ஆசைப்பட, மருந்து என்று சொல்லி அவளுக்கு விஷம் கொடுக்கிறார்கள். முகம் விகாரமாகி ஒரு கண் சரிந்து தொங்குகிறது. அவள் தலை வாருகிறாள், வார வார முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. கபுகி என்ற அவர்களுடைய மரபு நாடக மேடையில் இதை அவசரமே இல்லாமல் நீட்டி நடிப்பார்களாம். ஓய்வாவாக நடிக்கும் முன் அவளுடைய கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது நடிகர்களுக்கு இன்றும் வழக்கம். படத்தின் கடைசியில் சதாகோவின் தலைமுடிக்கு நடுவே ஒற்றைக் கண் மட்டும் தெரிகிறதே, எனக்கு அங்கே ஓய்வாதான் தெரிந்தாள்.

வெள்ளை உடையும் அப்படித்தான். அங்கே பிணத்துக்கு உடுத்துவது வெள்ளை. எப்போதும் கொண்டை போட்டிருந்த பெண் தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தால் செத்தவள் என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் மருயாமா ஓக்யோ என்ற ஓவியர் வரைந்த பேய்க்குக் காலே கிடையாது, இடுப்புக்குக் கீழே புகையாகக் கரைந்துவிடும். அதற்குப் பிறகு ஜப்பானியப் பேய் என்றாலே காலில்லாத பேய்தான். நம் பாட்டிகளும் "காலைப் பாரு, தரையில படுதான்னு பாரு" என்றுதானே சொன்னார்கள்!

சதாகோவுக்கு மட்டும் கால் இருக்கிறது. நடக்கிறாள். ஆனால் நடை தப்பாக இருக்கிறது.

ஒலிவாங்கி (காலை 8:02)

அக்கா, அந்த நடையைப் பற்றி ஒன்று. ரியே இனோ என்ற நாடக நடிகைதான் சதாகோ. அவரைப் பின்பக்கமாக நடக்கவிட்டு, வெட்டி வெட்டி அசையச் சொல்லிப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அதனால் அவள் முன்னால் வருகிறாள், உடம்பின் எடை மட்டும் பின்னால் போகிறது. என்ன தப்பு என்று மனசுக்குச் சொல்லத் தெரியாது, தப்பு என்று மட்டும் தெரியும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் எலும்பை முறுக்கி, தலையை மூன்று சுற்றுச் சுற்றவிட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததும் "ஓ, கிராஃபிக்ஸ்" என்று மனசு படுத்துவிடுகிறது.

விரல் நகங்களையும் கவனியுங்கள். தரையைப் பிடித்து இழுத்து வரும்போது விரல்கள் மட்டும் அண்மையில் தெரியும். நகமே இருக்காது. ஏன் என்று அந்த நேரத்தில் யாரும் விளக்குவதில்லை. கிணற்றுச் சுவரில் நகம் ஒட்டிக்கிடந்ததை முன்பே காட்டியிருப்பார்கள். தள்ளிய உடனே அவள் சாகவில்லை, ஏறிவரப் பார்த்திருக்கிறாள்.

பினாங்குக்காரன் (காலை 10:30)

நான் அரைத்தூக்கம் சொன்னதோடு மோதத்தான் வந்தேன்.

பாவம் செய்யாதவனையும் கொல்கிற பேய்தான் அதிகப் பயம் என்கிறீர்கள். எனக்கு நேர் எதிர். 2004இல் வந்த தாய்லாந்துப் படம் ஷட்டர் பார்த்திருப்பீர்கள், அதுதான் 2007இல் தமிழில் சிவி என்று வந்தது. புகைப்படக்காரன் ஒருவனுக்குத் தீராத கழுத்து வலி. மருத்துவமனையில் எடை பார்த்தால் முள் 120 கிலோ காட்டுகிறது. ஆளோ ஒல்லி. நாம் ஏதோ மெஷின் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். கடைசியில்தான் தெரிகிறது, அவன் அநியாயம் செய்த பெண் படம் முழுக்க அவன் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பேய் ஒருவரையும் தவறாகத் தொடவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது. கணக்குச் சரியாக இருப்பதுதான் என்னை உலுக்கியது. படம் முடிந்து வரும்போது நான் யார் யாருக்கு என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டே பைக் ஓட்டினேன்.

கொரியாவிலும் அதே மரபுதான். 2003இல் வந்த எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ் படத்துக்கு மூலம் ஜாங்வா, ஹோங்ரியான் என்ற சகோதரிகளின் நாட்டுப்புறக் கதை. சித்தியின் சூழ்ச்சியால் செத்த இரண்டு பெண்களும் ஊருக்கு வரும் அதிகாரியிடம் நியாயம் கேட்டுப் போகிறார்கள். வருகிற அதிகாரியெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பயந்தே செத்துப்போகிறார்கள். கடைசியில் தைரியமான ஒருவர் வந்து, உட்கார்ந்து, வழக்கைக் கேட்கிறார். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பேய் மனு கொடுக்கத்தான் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

சதாகோவிடம் அந்த மாதிரி ஒன்றும் இல்லை. யாரையும் கொல்வாள் என்றால் அவள் பேயா, வெள்ளமா? வெள்ளத்துக்கு நான் பயப்படுவேன். அது வேறு பயம்.

அரைத்தூக்கம் (காலை 11:05)

"பேயா, வெள்ளமா" என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. இன்னும் துல்லியமாகக் கேட்டால், பேயா, தொற்றுநோயா? மூலக்கதை கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவல். அதில் சதாகோவின் சாபத்தோடு பெரியம்மை வைரஸும் கலந்துதான் வருகிறது. கதாநாயகன் ஒரு ஆண். டிவியிலிருந்து தவழ்ந்து வரும் காட்சி நாவலில் கிடையவே கிடையாது. திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷிதான் வைரஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆணைத் தனியாக வாழும் அம்மாவாக மாற்றி, அந்தக் காட்சியையும் சேர்த்தார். வைரஸை எடுத்துவிட்டாலும் அதன் குணம் படத்தில் தங்கிவிட்டது. அதற்கு வேண்டியது நியாயம் இல்லை, பிரதி.

ரெய்கோ ஏன் பிழைத்தாள்? எலும்பை எடுத்ததால் இல்லை. நடுவில் ர்யூஜிக்குக் காட்ட அந்தக் கேசட்டை ஒரு பிரதி எடுத்தாள், அதனால்தான். ர்யூஜி யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை, போய்ச் சேர்ந்தான்.

சொன்னால் வெட்கம், எங்கள் விடுதிக்கு அந்தப் படம் வந்த விதமும் அதுதான். சென்னை பர்மா பஜாரில் யாரோ வாங்கிய சிடி. அதிலிருந்து ஒருவன் எழுதினான், அவனிடமிருந்து பக்கத்து அறைக்காரன், அங்கிருந்து இன்னொரு கல்லூரி. எங்களிடம் வந்தபோது படம் அரைகுறையாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, சப்டைட்டில் ஏதோ ஒரு மொழி. பார்த்தவன் எல்லாம் ஒரு வாரத்துக்குள் இன்னொருவனுக்குக் காட்டினான். ஒருத்தரும் சாகவில்லை என்பதற்கு எங்கள் வகுப்பே சாட்சி.

கிணற்றடி (மதியம் 2:40)

பினாங்குக்காரருக்கு ஒரு பதில். கண்ணை மூடிக்கொண்டு கொல்கிற பேய் ஜப்பானுக்குப் புதிதில்லை. ஓன்ர்யோ என்பார்கள், வஞ்சம் தீராத ஆவி. சுகவாரா நோ மிச்சிசானே என்று ஒரு பெரிய அறிஞர், அரசவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். சூழ்ச்சியில் நாடுகடத்தப்பட்டு 903இல் செத்துப்போனார். அதன் பிறகு அவருடைய எதிரிகள் சாகிறார்கள், கொள்ளைநோய், 930இல் அரண்மனையிலேயே இடி விழுகிறது. எல்லாம் அவர் வேலைதான் என்று நம்பினார்கள். இடியும் நோயும் குற்றவாளியைத் தேடிப் பிடித்து அடிக்காது அல்லவா? என்ன செய்தார்கள் தெரியுமா? பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கோயில் கட்டினார்கள், கடவுளாக்கிவிட்டார்கள். கியோத்தோவில் கிதானோ தென்மாங்கு அவருடைய கோயில். இன்றைக்கு அவர் படிப்புக்கான சாமி. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அநியாயமாகக் கொல்லப்பட்டவரைச் சாமியாக்கிப் படையல் போடுவது நம் ஊர்களில் இல்லாததா என்ன.

ஆக, வெள்ளம் மாதிரியான பேய்க்கும் அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். கும்பிட்டால் அடங்கும். ரெய்கோ கிணற்றுக்குள் செய்வது ஒருவகையில் அதுதான், ஆவியைச் சாந்தப்படுத்துவது. ஆயிரம் வருடமாக வேலை செய்த வைத்தியம். படம் அந்த வைத்தியத்தைத்தான் வேலை செய்யாமல் ஆக்குகிறது. ஜப்பானியருக்கு அது நமக்கு வலித்ததைவிட அதிகமாகவே வலித்திருக்கும் என்பது என் ஊகம்.

படத்தில் சதாகோவின் அம்மாவுக்கு அபூர்வ சக்தி உண்டு என்று நிருபர்கள் முன்னால் சோதித்துக் காட்டுவார்கள், அவர்கள் ஏமாற்று என்று கத்துவார்கள். அந்த அம்மா கதைக்கும் உண்மையில் ஒரு நிழல் உண்டு. மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணுக்கு மூடிய பொருளுக்குள் இருப்பதைப் பார்க்கும் சக்தி உண்டு என்று நம்பி, தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் ஃபுகுராய் தொமோகிச்சி 1910இல் அறிஞர்கள் முன்னால் சோதனை நடத்தினார். ஏமாற்று என்று பேச்சுக் கிளம்பியது. பத்திரிகைகள் விடவில்லை. மறுவருடம் அந்தப் பெண் விஷம் குடித்துச் செத்தாள். வயது 24. படத்தில் நிருபர்கள் கூச்சல் போடும் பழைய காட்சி வரும்போது எனக்குப் பேயைவிட அந்தக் கூட்டம்தான் பயமாக இருந்தது. அதைத் துப்பறிய வருகிறவளும் ஒரு நிருபர் என்பதை எத்தனை பேர் கவனித்தீர்கள்?

ஒலிவாங்கி (மாலை 4:10)

கவனிக்கவில்லை அக்கா. நன்றி.

பினாங்குக்காரன் (மாலை 4:55)

வாதத்தை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்த 24 வயதுப் பெண் விஷயம் மனசைப் பிசைந்துவிட்டது.

வேறொன்று கேட்கிறேன். அமெரிக்காவில் 2002இல் எடுத்த தி ரிங் நன்றாகத்தானே இருந்தது? எங்கள் வீட்டில் அதற்குத்தான் அலறினார்கள்.

அரைத்தூக்கம் (மாலை 5:30)

நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேய்க்கு மேக்கப் அதிகம், முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். கேசட்டில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு விடை கிடைத்துவிடுகிறது. குறுக்கெழுத்துப் போட்டிக் கட்டத்தை நிரப்புவது மாதிரி. ஜப்பானியக் கேசட்டில் கண்ணாடி இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குச் சட்டென்று மாறி ஒரு சின்னப் பெண்ணைக் காட்டுகிறது, எழுத்துகள் பூச்சி மாதிரி நெளிகின்றன, யாரோ தரையில் ஊர்கிறார்கள், தலையில் துணி போட்ட ஒருவன் எதையோ சுட்டிக்காட்டுகிறான். பாதிக்கு விடையே இல்லை. ஏன் ஊர்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் போய்விடும்.

பாய்விரி (இரவு 8:05)

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. வயது 71. என் பெண் இந்தப் படத்தை நேற்றுத்தான் போட்டுக் காட்டினாள். பிள்ளைகள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்டு வரும். இந்தச் சாமியின் மகிமையை இத்தனை பேருக்கு எழுதி அனுப்பு, அனுப்பியவனுக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவன் ரத்தம் கக்கிச் செத்தான் என்று எழுதியிருக்கும். அனுப்பியவன் பெயர் இருக்காது. என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னை உட்கார வைத்து 21 கார்டு எழுத வைத்தாள். கார்டு வாங்கக் காசு இல்லாமல் முட்டை விற்ற பணத்தை எடுத்தாள். யாருக்கு அனுப்புவது என்று வந்தபோதுதான் சங்கடம். வேண்டியவர்களுக்கு அனுப்பினால் அவர்கள் தலையில் பாரத்தை இறக்குகிறோம். வேண்டாதவர்கள் விலாசம் நம்மிடம் இருக்காது. கடைசியில் எல்லாம் சொந்தக்காரர்களுக்குத்தான் போனது. ஒரு மாதம் கழித்து அதே கார்டு, மாமா வீட்டிலிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. மாமாவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

படத்தில் பேய் வந்ததற்கு நான் பயப்படவில்லை. அந்த மாமா கார்டு ஞாபகம் வந்தது.

கொட்டாவி (இரவு 8:31)

ஐயா!!! எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒன்று வருகிறது. பதினொரு பேருக்கு அனுப்பவும் என்று. பெரியம்மா அனுப்புவார். நான் ஒரு தடவைகூட அனுப்பியதில்லை, ஆனால் அழிக்கும்போது ஒரு விநாடி கை தயங்கும். அதை வெளியே சொன்னதில்லை.

கிணற்றடி (இரவு 9:00)

ஜப்பானிலும் இது உண்டு ஐயா. துரதிருஷ்டக் கடிதம் என்றே பெயர். 1970களில் பள்ளிப் பிள்ளைகள் நடுவே பெரிய அமளியாக இருந்தது. இன்ன நாளுக்குள் இத்தனை பேருக்கு இதையே எழுதி அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று இருக்கும். படம் வந்தபோது தியேட்டரில் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது வயதுக்காரர்களில் பலர் சின்ன வயதில் அதை எழுதியவர்களாகவோ வாங்கியவர்களாகவோ இருந்திருப்பார்கள்.

கொட்டாவி (மறுநாள், இரவு 1:14)

சரி. ஹெட்ஃபோன் போட்டேன். விளக்கை அணைத்தேன். ஒலிவாங்கி அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

டிவிக் காட்சிக்கு இந்தத் தடவையும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆனது வேறு இரண்டு இடங்கள். முதலாவது, ர்யூஜி ரெய்கோவை போலராய்டில் படம் எடுப்பான், முகம் மட்டும் தண்ணீரில் கரைந்த மை மாதிரி கலங்கியிருக்கும். அவன் ஒன்றும் சொல்லாமல் அதை அவளிடம் நீட்டுவான். சத்தமே இல்லை. நான் உடனே என் போனில் ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது, அந்தப் பையன் ராத்திரியில் எழுந்து போய்த் தனியாகக் கேசட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. அம்மா ஓடிவந்து அணைக்கிறாள், ஏன் பார்த்தாய் என்கிறாள். தோமோகோ சொன்னாள் என்கிறான். அது செத்துப்போன அக்கா முறைப் பெண். முதல் தடவை பார்த்தபோது இந்த இடத்தில் நான் போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அம்மா என்ன செய்தாலும் இனிமேல் அது கழியாது.

அரைத்தூக்கம் (காலை 7:20)

வா தம்பி, கட்டிலில் இடம் இருக்கிறது.

இப்போது கடைசிக் காட்சிக்கு வருகிறேன், நான் இழையைத் தொடங்கியதே இதற்குத்தான். தான் ஏன் பிழைத்தோம் என்று ரெய்கோ தனியாக உட்கார்ந்து யோசிக்கிறாள். டிவிக் கண்ணாடியில் தலையில் துணி போட்ட அந்த ஆள் தெரிகிறான், அவளுடைய பையைச் சுட்டிக்காட்டுகிறான். பைக்குள் கேசட்டின் பிரதி. புரிந்துவிடுகிறது. பையனைக் காப்பாற்ற அவனை ஒரு பிரதி எடுக்கவைத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். யாருக்கு? காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பக்கத்து இருக்கையில் வீடியோ டெக். அப்பாவுக்குப் போன் செய்கிறாள், ஒரு உதவி வேண்டும், பையனுக்காக என்கிறாள். சாலை நீளமாகப் போகிறது, மேலே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

பினாங்குக்காரரே, கணக்குச் சரியான பேய் என்றீர்களே. ஷட்டரில் நம்மை உலுக்குவது ஏற்கெனவே செய்த பாவம். இங்கே இதுவரை ஒரு பாவமும் செய்யாத ஒருத்தி, படம் முடிந்த பிறகு செய்யப்போகிறாள். நாமும் "ஆமாம், போ, சீக்கிரம் போ" என்று அவளோடு சேர்ந்து மனசுக்குள் காரை விரட்டுகிறோம். நான் விரட்டினேன். எனக்கும் ஆறு வயதில் ஒருவன் இருக்கிறான். கல்யாண வீட்டிலிருந்து அவர்கள் திரும்பி வரும் வரை ஹாலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பினாங்குக்காரன் (காலை 9:12)

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்க வேண்டும். இருந்தாலும் அந்த எடை மெஷின் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவளுடைய அப்பா பிறகு இன்னொருவருக்குக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாமே? சங்கிலிதானே?

பாய்விரி (காலை 10:03)

நான் அந்தத் தாத்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்ணிடமும் சொன்னேன். பேரனுக்காக என்றால் நான் பார்ப்பேன், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. இந்த வயதில் ஒரு வாரம் என்ன, ஒரு வருடம் என்ன. பார்த்துவிட்டு நான் யாருக்கும் காட்டவும் மாட்டேன். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். டெக்கைக் கொண்டுவந்து வைத்து, "அப்பா, ஒரு படம் பாருங்க" என்று மட்டும் சொல்லிப் போடக்கூடாது.

எனக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், கடைசியில் சப்டைட்டில் சரியாகப் படிக்க முடியவில்லை. போனில் அவள் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி (காலை 10:20)

இல்லை ஐயா. ஒரு உதவி வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். கார் போய்க்கொண்டிருக்கும்போதே படம் முடிந்துவிடுகிறது.